ஒரு துண்டுத் துணி: இஸ்ஸே மியாகேயின் உடைகளைப் புரிந்துகொள்ள

ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயின் உடைகளில் ஒன்றுக்குப் "பறக்கும் தட்டு" என்று பெயர். 1994ஆம் ஆண்டு வசந்த காலத் தொகுப்பில் வந்தது. கழற்றித் தரையில் வைத்தால் தாம்பாளங்களை அடுக்கி வைத்ததுபோல் தட்டையாக, வட்டமாக உட்கார்ந்திருக்கும். தலைவழியாக மாட்டித் தூக்கினால் ஆர்மோனியத் துருத்தி விரிவதுபோல வளையம் வளையமாக, பல நிறங்களில், உடல் முழுக்க இறங்கிவிடும். போட்டிருப்பவர் குதித்தால் உடையும் அவரோடு சேர்ந்து ஸ்பிரிங் மாதிரி ஏறி இறங்கும். முதன்முதலில் இதன் படத்தைப் பார்க்கிற யாருக்கும் வரக்கூடிய கேள்விதான் எனக்கும் வந்தது: இதையெல்லாம் யார், எங்கே போட்டுக்கொண்டு போவார்கள்?

அதற்குப் பதில் உண்டு. ஆனால் மியாகே என்ன செய்ய முயன்றார் என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் புரியும், அதற்கும் முன்னால் துணி, வெட்டு, தையல் இந்த மூன்றைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபேஷன் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிராண்டுகளின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேட்டியையோ சேலையையோ மடித்த பழக்கம் இருந்தால் போதும்.

முதலில் ஒரு சொல். இவரைப் போன்றவர்களை "அவாங் கார்ட்" கலைஞர்கள் என்பார்கள். பிரெஞ்சுச் சொல், படையின் முன்வரிசையில் போகிறவர்கள் என்று பொருள். தமிழில் இதற்கு நேரான பழைய சொல்லே இருக்கிறது, தூசிப்படை. பின்னால் வரும் பெரும்படைக்கு முன்னே போகிற அணி. (தூசு என்றால் பழந்தமிழில் துணி என்றும் பொருள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த ஒலி ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.) ஃபேஷனில் விசித்திரமாக எதைப் பார்த்தாலும் இந்தச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். விசித்திரமாக ஒன்றைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. எல்லோரும் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரு பழக்கத்தை எடுத்து, இது ஏன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்டு, வேறு வழியில் செய்தும் காட்டுகிறவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மியாகே கேட்ட கேள்வி துணியை வெட்டுவது பற்றியது.

நம் மொழியில் துணி என்ற சொல்லே வெட்டிலிருந்து வந்ததுதான். துணித்தல் என்றால் வெட்டுதல். பழைய இலக்கியத்தில் துணிக்கு அறுவை என்று ஒரு பெயர், அது அறுப்பதிலிருந்து வந்தது. துண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் இந்தப் பெயர்கள். கவனித்தால், அந்த ஒரு வெட்டோடு நம் வேட்டிக்கும் சேலைக்கும் கத்தரியின் வேலை முடிந்துவிடுகிறது. ரவிக்கைத் துணியைப் பிரித்தெடுப்பதைத் தவிர்த்தால், தறியில் எப்படி நெய்தார்களோ அப்படியேதான் சேலை உடம்பில் ஏறுகிறது. ஒரே சேலை ஒல்லியானவருக்கும் பொருந்தும், பருமனானவருக்கும் பொருந்தும், ஏனென்றால் உருவம் துணியில் இல்லை, கட்டுகிறவர் கொசுவம் வைக்கிற கையில் இருக்கிறது.

ஐரோப்பியத் தையல் வேறு வழியில் வளர்ந்தது. அங்கே உடம்பை அளந்து, துணியைப் பல துண்டுகளாக வெட்டி, தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலருக்கு ஒன்று என்று பிரித்து, மார்புக்கு டார்ட் (உள்பக்கம் கிள்ளி வைக்கும் தையல்) பிடித்து, இடுப்பில் ஒடுக்கி, எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துத் தைத்து உடம்பின் வடிவத்திலேயே ஒரு கூடு செய்கிறார்கள். நல்ல கோட்டு ஒன்று ஹேங்கரில் தொங்கும்போதே உள்ளே ஆள் நிற்பது மாதிரி இருப்பது அதனால்தான். இது மிக உயர்ந்த கலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உருவம் துணியிலேயே உறைந்துவிடுகிறது. டெய்லர் மேஜைக்கு அடியில் வெட்டுத் துணியும் குவிகிறது.

ஜப்பானியக் கிமோனோ இந்த விஷயத்தில் நம் பக்கம். ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருள், அதை நேர்க்கோட்டில் மட்டும் வெட்டி, செவ்வகங்களாகச் சேர்த்துத் தைப்பார்கள். மிச்சம் என்று அநேகமாக எதுவும் விழாது. துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாக இணைத்து அலசுவதும் அந்த ஊர் வழக்கம். கழற்றினால் தட்டையாக மடிந்துவிடும். போட்டுக்கொண்டால் துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இப்படிப்பட்ட இடைவெளிக்கு ஜப்பானியத்தில் "மா" என்று பெயர். இசையில் இரண்டு ஒலிகளுக்கு நடுவே வரும் மௌனத்துக்கும் இதே சொல்தான்.

இங்கேதான் மியாகே வருகிறார். அவர் கிமோனோவைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படவில்லை, ஐரோப்பியத் தையலைத் தூக்கி எறியவும் இல்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது எது என்று தேடினார்: ஒரு தட்டையான துணி, அசைகிற ஒரு உடம்பு, அவை இரண்டுக்கும் நடுவே ஓர் இடம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய நூல்களாலும் இன்றைய இயந்திரங்களாலும், இன்றைய மனிதர்கள் போட்டுக்கொண்டு பஸ் ஏறக்கூடிய உடை ஒன்றைச் செய்ய முடியுமா? இந்தக் கருத்துக்கு அவர் வைத்த பெயர் "ஒரு துண்டுத் துணி". வாழ்நாள் முழுக்க அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி என்று நினைக்கிறேன், அந்தப் பறக்கும் தட்டுக்கும் சேர்த்து.

சரி, யார் இவர்?

1938 ஏப்ரல் 22 அன்று ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலையில் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருந்தார். அம்மா அந்தக் கதிர்வீச்சால் மூன்று வருடத்துக்குள் இறந்துபோனார். அவருக்கும் பத்து வயதில் எலும்பு மஜ்ஜை நோய் வந்து, அதனால் ஒரு கால் கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தது. இதைப் பற்றி அவர் பல பத்தாண்டுகள் வெளியே பேசவே இல்லை. அணுகுண்டில் தப்பிய டிசைனர் என்ற முத்திரை தன்மேல் விழக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 2009இல், அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியபோதுதான் முதன்முதலாக இதை விரிவாகச் சொன்னார். கண்ணை மூடினால் இன்னும் அந்தச் செந்நிற வெளிச்சம் தெரிகிறது என்று எழுதினார். அழிக்கக்கூடியவற்றை விட்டுவிட்டு, ஆக்கக்கூடியவற்றை, மனிதர்களுக்கு அழகும் மகிழ்ச்சியும் தரக்கூடியவற்றை நினைக்கவே தான் விரும்பியதாகவும், உடை என்பது நவீனமும் நம்பிக்கையும் உள்ள கலை என்பதால் அந்தப் பக்கம் வந்ததாகவும் அதே கட்டுரையில் சொல்கிறார்.

நான் இந்தப் பகுதியை இரண்டு மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் இங்கே சேர்த்தேன். அவர் தன் உடைகளை ஹிரோஷிமாவை வைத்துப் படிக்க வேண்டாம் என்று விரும்பினார், அதை மதிக்க வேண்டும். ஆனால் அவருடைய உடைகளில் ஏன் இவ்வளவு துள்ளல், ஏன் இவ்வளவு நிறம் என்று கேட்கிறவருக்கு அவரே சொன்ன காரணத்தை மறைப்பதும் சரியில்லை. ஹிரோஷிமாவோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் இருக்கிறது. போருக்குப் பிறகு அந்த ஊரின் அமைதிப் பூங்காவுக்குப் போகும் வழியில் இரண்டு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை இசாமு நொகுச்சி என்ற சிற்பி வடிவமைத்தார். பள்ளி மாணவனாக மியாகே அவற்றைத் தாண்டிப் போய்வந்தார். வடிவமைப்பு என்று ஒன்று உண்டு, அது மனிதருக்குத் தெம்பு தரும் என்று தனக்குப் புரிந்தது அந்தப் பாலங்களால்தான் என்று பிற்காலத்தில் சொன்னார்.

டோக்கியோவின் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கிராஃபிக் டிசைன். 1960இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தபோது, கட்டடம் முதல் எல்லாவற்றையும் பேசுகிற இடத்தில் ஆடை வடிவமைப்பு ஏன் இல்லை என்று கேட்டுக் கடிதம் எழுதினார், அப்போது மாணவர்தான். 1965இல் பாரிஸ் போனார். அங்கே உயர்தையல் பள்ளியில் படித்துவிட்டு கீ லரோஷ், ஷிவான்ஷி ஆகிய பெரிய தையலகங்களில் உதவியாளராக இருந்தார். உடம்பின் வடிவில் கூடு செய்கிற அந்தக் கலையை அதன் தலைமையிடத்திலேயே கற்றார். 1968 மே மாதம் பாரிஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கியதை நேரில் பார்த்தார், பணக்காரச் சீமாட்டிகள் சிலருக்காகத் தைப்பதில் தன் வாழ்க்கை போகக்கூடாது என்று அப்போது தோன்றியது. ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் மாதிரி எல்லோரும் போடக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து தொடங்கி கடைசிவரை இருந்தது. அப்புறம் நியூயார்க்கில் ஜெஃப்ரி பீன் என்ற டிசைனரிடம் கொஞ்ச காலம். 1970இல் டோக்கியோ திரும்பி மியாகே டிசைன் ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

அந்த முதல் பத்தாண்டில் அவர் ஜப்பானிய விவசாயிகளின் துணிகளைத் தேடிப் போனார். சஷிக்கோ என்று ஒன்று. பருத்தித் துணியை அடுக்கி வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டுத் தடிமனாக்குவது, வயலிலும் கடலிலும் வேலை செய்கிறவர்கள் உடை கிழியாமல் இருக்கச் செய்துகொண்டது. அதை கோட்டாக்கினார். 1970இல் அடுத்தடுத்து இறந்த ராக் இசைக்கலைஞர்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின் இருவரின் முகங்களையும் ஜப்பானியப் பச்சைகுத்தும் பாணியில் வரைந்து, உடம்போடு ஒட்டும் மெல்லிய உடையில் அச்சிட்டார், போட்டால் தோலிலேயே பச்சை குத்தியது மாதிரி இருக்கும். இந்தக் காலத்தில் அவருக்குத் துணி செய்துகொடுத்தவர் மக்கிகோ மினகாவா. இந்தப் பெயரை மறக்காதீர்கள். மியாகேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இவரை விட்டுவிடுகிறார்கள், ஆனால் நூலிலிருந்து தொடங்குவது என்ற மியாகேயின் வேலைமுறை இவர் இல்லாமல் நடந்திருக்காது. கடையில் இருக்கிற துணியை வாங்கி வெட்டுகிற டிசைனருக்கும், எந்த நூல், எந்த முறுக்கு, எந்த நெசவு என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

1980களின் தொடக்கத்தில் அவர் துணியை விட்டே கொஞ்சம் விலகி, வார்ப்புப் பிளாஸ்டிக்கில் மார்புக் கவசங்கள் செய்தார், பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துப் பின்னி ஒரு மேலாடை செய்தார். அந்தப் பிரம்பு மேலாடை 1982 பிப்ரவரியில் ஆர்ட்ஃபோரம் என்ற அமெரிக்கக் கலை இதழின் அட்டையில் வந்தது. கலைப்படைப்புகள் வந்துகொண்டிருந்த இடத்தில் உடை வந்ததைப் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பிரம்பு உடையில் உடம்புக்கும் உடைக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணுக்கே தெரிகிறது என்பது. கூடைக்குள் ஒருவர் நிற்பது போல. "மா"வை விளக்க இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இதே காலத்தில் ஜப்பானிய டிசைனர்கள் ரெய் கவகுபோவும் யோஜி யமமோட்டோவும் 1981இல் பாரிஸுக்கு வந்து, கறுப்புத் துணியும் ஓட்டைகளும் பிசிறுகளுமாகக் காட்டி அந்த ஊரையே அதிர வைத்தார்கள். பலர் மூவரையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துச் சொல்கிறார்கள், தொடக்கக்காரர்கள் குழம்புவது இங்கேதான். அழகு என்று எதைச் சொல்கிறோம் என்பதோடு கவகுபோ சண்டை போட்டார். யமமோட்டோ ஐரோப்பியத் தையலுக்குள்ளேயே இருந்துகொண்டு அதைத் தளர்த்தினார். மியாகே இவர்களுக்கு முன்பே, 1973இலேயே, பாரிஸில் காட்டத் தொடங்கியவர், அவருடைய அக்கறை செய்முறையில் இருந்தது, ஒரு பொறியாளருடையது மாதிரி. அன்றைய மேற்கத்தியப் பத்திரிகைகள் ஜப்பானியரின் கறுப்பு உடைகளுக்கு ஹிரோஷிமாவின் பெயரை அடைமொழியாக வைத்து எழுதின. அந்த ஊரிலிருந்து உயிரோடு வந்த ஒருவர், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அதே ஃபேஷன் உலகில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இப்போது மடிப்புக்கு வருவோம். மியாகேயை ஒரே ஒரு விஷயத்தால் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது இதுதான்.

துணியில் மடிப்பு வைப்பது புதிதில்லை. பழைய எகிப்திலேயே மடிப்பு வைத்த லினன் உடைகள் இருந்தன. வெனிஸில் மரியானோ ஃபார்ச்சுனி என்பவர் 1900களின் தொடக்கத்தில் பட்டில் நுண்மடிப்பு வைத்த டெல்ஃபோஸ் என்ற அங்கியைச் செய்து புகழ்பெற்றார். ஆனால் பட்டு மடிப்பு தண்ணீர் பட்டால் போய்விடும், அங்கியை முறுக்கிச் சுருட்டிப் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். காலையில் இஸ்திரி போட்ட பருத்திச் சேலையின் கொசுவம் மாலைக்குள் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

1988 வாக்கில் மியாகே தன் குழுவோடு இதில் இறங்கினார். அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. ஒன்று, பாலியெஸ்டர். பருத்திக்கும் பட்டுக்கும் இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு: சூடு ஏறினால் உள்ளே இளகும், ஆறும்போது எந்த நிலையில் பிடித்து வைத்தோமோ அந்த நிலையிலேயே இறுகும். அதனால் ஒருமுறை சூட்டில் வைத்த மடிப்பு துவைத்தாலும் போகாது. இரண்டாவது மாற்றம் வரிசையில். வழக்கமாக முதலில் துணிக்கு மடிப்பு வைத்து, பிறகு வெட்டித் தைப்பார்கள். மியாகே அதைத் தலைகீழாக்கினார். உடையை முதலில் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்து முடித்துவிடுவார்கள், பார்த்தால் பூதத்துக்குத் தைத்தது மாதிரி இருக்கும். அப்புறம் அந்த முழு உடையையும் இரண்டு காகிதத் தாள்களுக்கு நடுவே கையால் சீராகப் பரப்பி, மடிப்பு இயந்திரத்துக்குள் விடுவார்கள். உள்ளே அழுத்தமும் சூடும். வெளியே வரும்போது காகிதமும் துணியும் சேர்ந்து நுண்மடிப்பாக மடிந்திருக்கும், காகிதத்தை உரித்தால் உள்ளே சரியான அளவுக்குச் சுருங்கிய சட்டை.

இப்படி வரிசையை மாற்றியதால் என்ன கிடைத்தது? முன்பே மடித்த துணியை வெட்டித் தைத்தால் தையல் வருகிற இடமெல்லாம் மடிப்பு குழம்பும், இதில் தையலும் மடிப்பும் ஒன்றாகவே மடிகின்றன. உடை நீளவும் சுருங்கவும் செய்கிறது, ஆனால் எலாஸ்டிக் கிடையாது. மடிப்பு விரிந்து மூடுவதுதான் நீட்சி. அதனால் ஓர் அளவு பல உடம்புகளுக்குப் பொருந்துகிறது, அதே உடம்பு ஐந்து கிலோ கூடினாலும் பொருந்துகிறது. இஸ்திரி தேவையில்லை. வாஷிங் மெஷினில் போடலாம், சீக்கிரம் காய்ந்துவிடும். சுருட்டி ஒரு கைப்பையில் வைத்துவிடலாம். சேலையில் கட்டுகிறவர் கை செய்வதை இங்கே மடிப்பே செய்கிறது என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வேன். இது என் ஒப்பீடுதான், அவர் சேலையைப் பார்த்து இதைச் செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த மடிப்பைச் சோதித்துப் பார்த்தவர்கள் நடனக்காரர்கள். 1991இல் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்ஃபர்ட் பாலே குழுவுக்கு மியாகே உடை செய்துகொடுத்தார். உடம்பை எந்தப் பக்கம் வளைத்தாலும் துணி தடுக்காமல் கூடவே வந்ததைப் பார்த்த பிறகு, இதைச் சாதாரண மனிதர்களின் தினசரி உடையாக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சோவியத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த லிதுவேனிய அணிக்கும் மடிப்பு வைத்த சீருடையை அவர்தான் வடிவமைத்தார். 1993இல் "ப்ளீட்ஸ் ப்ளீஸ்" தனி பிராண்டாகக் கடைக்கு வந்தது. பெயரே ஒரு விளையாட்டு, மடிப்பு தாருங்கள் என்று கேட்கிற மாதிரி. கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீத் போன்றவர்கள் மியாகேயின் உடைகளைத் தங்கள் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஆண்களுக்கான ஹோம் ப்ளீஸே 2013இல் வந்தது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். பறக்கும் தட்டை யார் போடுவார்கள்? மேடைக்கு வெளியே அதைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவுதான். ஆனால் அதே மடிப்பு முறையில் செய்த ஒரு சாதாரண மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அறுபது வயதுப் பெண் ஒருவர் விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கசங்காமல் இறங்கி நேரே வேலைக்குப் போகலாம். முன்னது சோதனை, பின்னது அதன் பலன். தூசிப்படை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

மடிப்போடு அவர் நின்றிருக்கலாம், பணமும் புகழும் வந்துவிட்டன. நிற்கவில்லை. 1990களின் கடைசியில் டாய் ஃபுஜிவாரா என்ற இளம் டிசைனரோடு சேர்ந்து ஏ-பாக் என்ற ஒன்றைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் "ஒரு துண்டுத் துணி" என்பதன் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர், இத்தனை வருடம் மனதில் இருந்த கருத்தை நேரடியாகவே பெயராக வைத்துவிட்டார். கணினி சொல்கிறபடி பின்னும் இயந்திரத்துக்குள் நூல் போகும், மறுபக்கம் பனியன் துணி மாதிரி இரண்டு அடுக்காக ஒரு நீளக் குழாய் வெளியே வரும். அந்தக் குழாயிலேயே சட்டை, பாவாடை, தொப்பி, சாக்ஸ், கைப்பை எல்லாம் கோடுகளாக, ஏற்கனவே ஓரம் இணைந்த நிலையில் பின்னப்பட்டிருக்கும். வாங்குகிறவர் கத்தரியை எடுத்து அந்தக் கோடுகள் வழியே வெட்டினால் உடை கையில் வந்துவிடும். தையல் இல்லை. வெட்டிய இடத்தில் நூல் பிரிந்துவராதபடி பின்னலே பார்த்துக்கொள்கிறது. கை முழுசாக வேண்டுமா அரைக்கை போதுமா, கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும், எல்லாம் வெட்டுகிறவர் இஷ்டம்.

எனக்கு மியாகேயின் எல்லா வேலைகளிலும் இதுதான் உச்சம். டிசைனர், டெய்லர், வாங்குகிறவர் என்ற மூன்று வரிசை இதில் கலைந்துபோகிறது, கடைசி முடிவு போடுகிறவரின் கத்தரியில் இருக்கிறது. துணித்தால்தான் துணி என்ற நம் பழைய சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமாக வேறு எந்த நவீன உடையும் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், மடிப்பு அளவுக்கு இது மக்களிடம் பரவவில்லை. காசு கொடுத்து வாங்கியதை வெட்டப் பலருக்குக் கை வராது என்று நினைக்கிறேன்.

2010இல் இன்னொன்று. ஜுன் மிதானி என்ற கணினி அறிஞர் காகிதத்தை வளைத்து மடித்து முப்பரிமாண உருவங்கள் செய்யும் கணித முறையை உருவாக்கியிருந்தார். அதை அடிப்படையாக வைத்து மியாகேயின் ஆய்வுக் குழு, மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்த நூலில் உடைகள் செய்தது. மேஜையில் நட்சத்திரம்போலத் தட்டையாக மடிந்து கிடக்கும், நடுவில் பிடித்துத் தூக்கினால் பாவாடையாக எழுந்து நிற்கும். பெயர் "132 5". ஒரு துண்டுத் துணி, மூன்று பரிமாண உருவம், மறுபடி இரண்டு பரிமாண மடிப்பு என்பது முதல் மூன்று எண்கள்.

உடைக்கு வெளியே அவர் செல்வாக்கு எங்கெல்லாம் போனது என்று சொல்ல ஆரம்பித்தால் முடியாது. பலருக்குத் தெரிந்தது ஸ்டீவ் ஜாப்ஸின், கழுத்தை மூடும் கறுப்புப் பனியன். 1980களில் ஜாப்ஸ் ஜப்பானில் சோனி நிறுவனத்துக்குப் போனபோது எல்லா ஊழியர்களும் ஒரே சீருடையில் இருப்பதைப் பார்த்தார், அது மியாகே வடிவமைத்தது. கையைக் கழற்றினால் மேல்சட்டையாகிவிடும் நைலான் ஜாக்கெட். ஆப்பிளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஜாப்ஸ் கேட்டு வாங்கி, ஊழியர்களிடம் காட்டினால் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நட்பு நிலைத்தது, தனக்கென்று கேட்ட கறுப்புப் பனியன்களை மியாகே ஏறக்குறைய நூறு செய்து அனுப்பினார். கதை நல்ல கதை, ஆனால் மியாகே என்றால் இது மட்டும்தான் என்று ஆகிவிட்டது வருத்தம். அந்தப் பனியனில் அவருடைய கருத்து எதுவும் பெரிதாக இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது லூசி ரீயின் கதை. வியன்னாவிலிருந்து நாஜிகளிடம் தப்பி லண்டன் வந்த மண்பாண்டக் கலைஞர் அவர், போர்க்காலத்தில் பிழைப்புக்காகப் பீங்கான் பொத்தான்கள் செய்து விற்றார். மியாகே லண்டனில் அவரைத் தேடிப்போய் நண்பரானார், அந்தப் பழைய பொத்தான்களைத் தன் 1989 தொகுப்பின் உடைகளில் வைத்துத் தைத்தார், அவருடைய பானைகளுக்கு டோக்கியோவில் கண்காட்சியும் நடத்தினார். கறுப்புப் பனியனைவிட இந்தப் பொத்தான்களில் மியாகே யார் என்பது அதிகம் தெரிகிறது.

இந்தியாவோடும் தொடர்பு உண்டு. 1980களில் அகமதாபாத்தின் ஆஷா சாராபாய் என்ற டிசைனரோடு சேர்ந்து இந்தியக் கைத்தறியில், கைத்தையலில் உடைகள் செய்வித்து ஜப்பானில் விற்றார்கள். பிறகு 2000இல் மினகாவா தொடங்கிய பிராண்டுக்கு "ஹாட்" என்றே பெயர், வட இந்திய மொழிகளில் சந்தை.

குறையும் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் மாதிரி எல்லோருக்கும் உடை என்பது அவர் ஆசை, ஆனால் ப்ளீட்ஸ் ப்ளீஸ் சட்டை ஒன்றின் விலை ஜீன்ஸ் விலை இல்லை, கிட்டக்கூட இல்லை. பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, துவைக்கும்போது நுண் இழைகள் தண்ணீரில் கலக்கின்றன. பல வருடம் கெடாமல் உழைப்பதால் அடிக்கடி வாங்க வேண்டியதில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வது உண்மைதான், அதற்காக இந்தக் கேள்வி போய்விடாது. அவருடைய யோசனையைப் பார்த்து மலிவு விலையில் மடிப்பு உடைகள் இன்று உலகச் சந்தை முழுக்க வந்துவிட்டன. அவர் ஆசைப்பட்ட எல்லோருக்கும் என்பது இப்படி நகல்கள் வழியாகத்தான் ஓரளவு நடந்திருக்கிறது.

1999இல் பாரிஸ் தொகுப்புகளின் பொறுப்பை நவோகி தக்கிசாவாவிடம் கொடுத்துவிட்டு ஆய்வுப் பக்கம் போனார். 2006இல் கியோட்டோ பரிசு, 2010இல் ஜப்பானின் கலாச்சார விருது. 2022 ஆகஸ்ட் 5 அன்று கல்லீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 84. மறுநாள் ஹிரோஷிமா நினைவு நாள்.

இனிமேல் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் இர்விங் பென் எடுத்த புகைப்படங்களைத் தேடுங்கள். 1986 முதல் பதின்மூன்று வருடம் மியாகே டோக்கியோவிலிருந்து உடைகளை நியூயார்க்குக்கு அனுப்புவார், படமெடுக்கும் இடத்துக்கு ஒருமுறைகூடப் போகமாட்டார், இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். வெள்ளைப் பின்னணியில் உடை பூச்சியாகவும் மலையாகவும் நிற்கும். அடுத்து, எப்போதாவது டோக்கியோவுக்குப் போக வாய்த்தால், ரொப்பொங்கியில் அவர் முன்னின்று 2007இல் திறந்த 21_21 டிசைன் சைட் என்ற காட்சிக்கூடம். கட்டியவர் தடாவோ ஆண்டோ, ஒரே இரும்புத் தகட்டை மடித்து வைத்ததுபோல் அதன் கூரை தரைவரை சரிந்து இறங்குகிறது. மூன்றாவதாக, 1999 வசந்த காலத் தொகுப்பின் ஏ-பாக் படங்கள். வரிசையாக மாடல்கள் நிற்கிறார்கள், எல்லோரும் சிவப்பு உடையில், ஒருவர் உடை முடிகிற இடத்தில் துணி வெட்டப்படாமல் அப்படியே நீண்டு அடுத்தவரின் உடையாகிறது.